அணியின் தேவை என்பதை எப்படிக் கணிப்பது? 2009 என்பிஏ டிராஃப்டை முன்வைத்து ஒரு விவாதம்

நெடுங்கோடு:

2009 ஜூன் 25 அன்று நடந்த என்பிஏ டிராஃப்டை, அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் வரிசைமுறையில் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே செய்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் ஐந்தாவது, ஆறாவது வாய்ப்புகளில் இரண்டு பாயிண்ட் கார்டுகளை (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்களை) எடுத்தது. ஏழாவது வாய்ப்பில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், பின்னாளில் என்பிஏயின் தலைசிறந்த எறிதல் வீரராக உயர்ந்த ஸ்டீபன் கர்ரியை எடுத்துக்கொண்டது. முடிவு தெரிந்த பிறகு இதைச் சொல்வது எளிது. அந்த இரவுக்கு முன்பு கையில் இருந்த தகவல்களை மட்டும் வைத்துக்கொண்டு, கல்லூரி வீரர்களை ஓர் அணியின் தேவையோடு எப்படிப் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும் என்று பேசலாம் என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நிலைமையை நினைவுபடுத்துகிறேன். கெவின் கார்னெட்டை 2007இல் பாஸ்டனுக்கு அனுப்பிய பிறகு மினசோட்டா புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அணி. 2008-09 பருவத்தில் 24 வெற்றி, 58 தோல்வி. கூடைக்கு அருகில் ஆடுவதற்கு அல் ஜெஃபர்சனும் கெவின் லவ்வும் இருந்தார்கள். டிராஃப்டுக்குச் சற்று முன்பு ராண்டி ஃபாயையும் மைக் மில்லரையும் வாஷிங்டனுக்குக் கொடுத்து ஐந்தாவது வாய்ப்பை வாங்கினார்கள். வெளிவட்டத்தில் ஆடும் இருவர் போய்விட்டதால், "கார்டு தேவை" என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடக்கூடிய நிலை. ஸ்பெயினின் ரிக்கி ரூபியோவையும் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் ஜானி ஃப்ளினையும் அடுத்தடுத்து எடுத்தார்கள். 18ஆவது வாய்ப்பிலும் நார்த் கரோலைனாவின் டை லாசன் என்ற இன்னொரு பாயிண்ட் கார்டையே தேர்ந்தெடுத்து டென்வருக்கு மாற்றிவிட்டார்கள்.

என் வாதம் இதுதான். தேவையை ஆடும் இடத்தின் பெயரால் எழுதிக்கொள்ளும் அணி தவறான கேள்வியோடு கல்லூரி அரங்குகளுக்குச் செல்கிறது. அதைத் திறமையின் பெயரால் எழுதியிருந்தால், கூடைக்கு அருகில் இரண்டு வலுவான வீரர்கள் இருக்கும்போது, அவர்களைச் சுற்றி நெரிக்கும் தடுப்பாட்டக்காரர்களை வெளியே இழுக்கும் எறிதல் திறன்தான் முதல் தேவை என்று தெரிந்திருக்கும். மில்லரை அனுப்பியதால் அந்தக் குறை இன்னும் ஆழமாகியிருந்தது. அந்த ஆண்டின் கல்லூரி வீரர்களில் அந்தத் திறன் யாரிடம் அதிகமாக இருந்தது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இடதுகை:

நண்பர் நெடுங்கோடு எழுப்பிய கேள்வி நல்ல கேள்வி. ஆனாலும் மினசோட்டாவின் தரப்பையும் யாராவது நேர்மையாக எடுத்து வைக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

கர்ரி ஆடியது டேவிட்சன் என்ற சிறிய கல்லூரிக்காக, சதர்ன் கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பில். அங்கே வாரந்தோறும் எதிரே நின்றவர்களில் என்பிஏ உடற்கட்டு உடையவர்கள் மிகக் குறைவு. ஆறடி மூன்று அங்குல உயரம், மெலிந்த தேகம், எறிதலையே பிரதானமாகக் கொண்ட ஆட்டம் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்த தேர்வாளர்கள், இவர் பாயிண்ட் கார்டாக ஆட முடியுமா, ஷூட்டிங் கார்டாக (எறிந்து புள்ளி சேர்க்கும் வெளிவட்ட வீரராக) ஆடினால் எதிரணியின் பெரிய உடல்களைத் தடுக்க முடியுமா என்று கேட்டது நியாயமான கேள்வி.

ஃப்ளின் ஆடியதோ பிக் ஈஸ்டில். அந்தப் பருவத்தில் அதைவிடக் கடினமான கான்ஃபரன்ஸ் இல்லை என்றே சொல்லலாம். 2009 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த பிக் ஈஸ்ட் போட்டித்தொடரில், கனெக்டிகட் அணிக்கு எதிராக ஆறு கூடுதல் நேரங்கள் நீண்டு 127-117 என்று முடிந்த ஆட்டத்தில் ஃப்ளின் 67 நிமிடங்கள் களத்தில் இருந்தார். ஓர் இளைஞனின் மனவுறுதிக்கும் உடல் தாங்குதிறனுக்கும் இதைவிட வலுவான சான்றை ஒரு தேர்வாளர் எங்கே தேடுவார்?

மேலும், மினசோட்டாவுக்குச் செல்வதில் கர்ரியின் தரப்பு ஆர்வம் காட்டவில்லை என்று பின்னாளில் பரவலாக எழுதப்பட்டது. முழுமையாகச் சோதித்துப் பார்க்க வாய்ப்புத் தராத வீரரைத் தவிர்ப்பதை அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

தடுப்பாட்டம்:

அந்த ஆறு கூடுதல் நேர ஆட்டத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. நம் விவாதத்துக்குத் தேவையான இன்னொரு வீரர் அன்று எதிரணியில் இருந்தார். டான்சானியாவின் தார் எஸ் சலாமிலிருந்து வந்து கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ஹாஷிம் தபீட் ஏழடி மூன்று அங்குல உயரம் கொண்டவர். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக நான்குக்கும் மேற்பட்ட பிளாக்குகள் செய்தார், அதாவது எதிராளி கூடையை நோக்கி எறிந்த பந்தைத் தட்டிவிட்டார். மெம்ஃபிஸ் கிரிஸ்லீஸ் அவரை இரண்டாவது வாய்ப்பிலேயே எடுத்துக்கொண்டது.

கல்லூரி எண்களை அப்படியே தொழில்முறை ஆட்டத்துக்குக் கொண்டுவர முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் முடியாது என்பதைத்தான் யாரும் விளக்குவதில்லை. கல்லூரி விதிகளில் தடுப்பாட்டக்காரர் கூடைக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்பிஏயில் 2001 முதல், யாரையும் நெருங்கித் தடுக்காமல் அங்கே மூன்று நொடிக்கு மேல் நின்றால் அபராதம் உண்டு. ஆக, கனெக்டிகட்டில் கூடையடியிலேயே காத்திருந்து வந்த பந்தையெல்லாம் தட்டிவிட்ட ஒருவர், என்பிஏயில் வெளியே வந்து மறைப்பாட்டத்தை (பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவரின் வழியை அவருடைய சக வீரர் உடலால் மறிப்பதை) தடுத்துவிட்டு மீண்டும் உள்ளே ஓட வேண்டும். கால்வேகம் குறைந்த உயர்ந்த வீரரின் பிளாக் எண்ணிக்கையைப் பார்க்கும்போது, அவற்றில் எத்தனை நின்ற இடத்திலிருந்து வந்தவை, எத்தனை ஓடி வந்து சேர்ந்தவை என்று காணொளியைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். எனக்குத் தபீட்டின் ஆட்டங்களில் முதல் வகைதான் மிகுதியாகத் தெரிந்தது.

உடல்வலுவைப் பற்றிய எச்சரிக்கையும் எல்லோர் கண்முன்னேயே இருந்தது. 2009 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அணி ஹார்ட்ஃபோர்டில் கனெக்டிகட்டை 76-68 என்று வென்றது. அன்று பிட்ஸ்பர்க்கின் டஹுவான் பிளேர் 22 புள்ளிகளும் 23 ரீபவுண்டுகளும் (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். தபீட்டைவிடப் பல அங்குலம் குட்டையான அவர், ரீபவுண்டுக்கான ஒரு பிடியில் தபீட்டைத் தன் தோளுக்கு மேலாகப் புரட்டிப் போட்ட காட்சியை அந்தப் பருவத்தைப் பின்தொடர்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தேவை என்ற அளவுகோலில் பார்த்தாலும் மெம்ஃபிஸின் முடிவு எனக்குப் புரியவில்லை. மார்க் கசோல் தன் முதல் பருவத்தை அங்கே நன்றாகவே முடித்திருந்தார். கூடையடியில் ஆடும் உயர்ந்த வீரருக்கான சென்டர் இடம் காலியாக இல்லை. தபீட் தன் முதல் பருவத்திலேயே என்பிஏயின் கீழ்நிலைத் தொடரான வளர்ச்சிக் கூட்டமைப்புக்கு அனுப்பப்பட்டார். அவ்வளவு உயர்ந்த வாய்ப்பில் தேர்வான ஒருவர் அங்கே அனுப்பப்பட்டது அதுவே முதல் முறை. 2011இல் அவரை ஹூஸ்டனுக்கு மாற்றினார்கள்.

ஃப்ளினைப் பற்றியும் ஒரு சொல். சிரக்யூஸ் ஆண்டு முழுவதும் ஆடியது 2-3 மண்டலத் தடுப்பு; அதாவது முன்னே இருவர், பின்னே மூவர் நின்று ஆளுக்கொரு பகுதியைக் காப்பது. அதில் ஒரு கார்டு தன் எதிராளியைத் தனியாகத் தடுக்கும் சூழல் அரிதாகவே வரும். ஆறடி உயரமுள்ள ஒருவரால் என்பிஏ கார்டுகளைத் தனியாகத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு, அவர் எத்தனை நிமிடங்கள் ஆடினாலும், சிரக்யூஸ் ஆட்டங்களில் விடை கிடைக்காது.

மூன்றாம்வரிசை:

1984 டிராஃப்டை யாரும் சொல்லவில்லையே என்று வியக்கிறேன். மைக்கேல் ஜோர்டன் ஆடும் இடத்துக்குப் போர்ட்லண்டிடம் ஏற்கெனவே கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார்; சென்டர்தான் தேவை என்று கென்டக்கியின் சாம் பௌவியை இரண்டாவதாக எடுத்தார்கள்; மூன்றாவதாக மைக்கேல் ஜோர்டன் சிகாகோவுக்குப் போனார். தேவையைப் பார்க்காமல் கிடைப்பவர்களில் சிறந்தவரை எடுக்க வேண்டும் என்ற விதி அன்றே எழுதப்பட்டுவிட்டது. அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

நெடுங்கோடு:

நண்பர் மூன்றாம்வரிசைக்கு: 1984இன் பாடம் அவ்வளவு எளிதானதாக எனக்குத் தோன்றவில்லை. பௌவி கால் எலும்பு முறிவினால் கல்லூரியிலேயே இரண்டு பருவங்களை முழுமையாக இழந்தவர். போர்ட்லண்டின் தவறில் பெரும்பங்கு மருத்துவக் கணிப்பைச் சேர்ந்தது. "சிறந்தவரை எடு" என்ற விதியும் தன்னளவில் எதையும் சொல்வதில்லை. எந்த அணியில், எந்த ஆட்டமுறையில், யாரோடு சேர்ந்து ஆடும்போது சிறந்தவர் என்று கேட்காமல் 19, 20 வயது இளைஞர்களை ஒன்று, இரண்டு என்று வரிசைப்படுத்த இயலாது.

இங்கேதான் மினசோட்டாவைப் பற்றி நான் மிக முக்கியமாகக் கருதும் செய்தி வருகிறது. அந்த டிராஃப்டின் இரவில் அவர்களுக்குப் பயிற்சியாளரே இல்லை. டேவிட் கான் மே மாதத்தில்தான் அணியின் கூடைப்பந்துப் பொறுப்பை ஏற்றிருந்தார். ஜூன் நடுவில் பயிற்சியாளர் கெவின் மெக்ஹேல் விலக்கப்பட்டார். கர்ட் ராம்பிஸ் பொறுப்பேற்றது ஆகஸ்டில். எப்படி ஆடப்போகிறோம் என்று தெரியாத அணி, தனக்கு எது தேவை என்று எதை வைத்துக் கணித்தது? வீரர் பட்டியலில் எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்பதை வைத்துத்தான்.

பிறகு வந்த ராம்பிஸ், லேக்கர்ஸில் தான் பழகிய முக்கோண ஆட்டமுறையைக் கொண்டுவந்தார். அதில் பாயிண்ட் கார்டு பந்தை நீண்ட நேரம் கையில் வைத்திருப்பதில்லை. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு மூலைக்கு நகர்ந்து, திரும்பி வரும் பந்தை எறிய வேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டே மறைப்பாட்டத்தைப் பயன்படுத்தி உள்ளே புகுவது ஃப்ளினின் பலம். அவர் பலமும் அணியின் முறையும் எதிரெதிர்த் திசையில் இழுத்தன. ரூபியோ 2011 வரை ஸ்பெயினிலேயே ஆடினார். 2009-10 பருவம் 15 வெற்றி, 67 தோல்வியில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஃப்ளினுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றே பருவங்களில் அவருடைய என்பிஏ வாழ்க்கை முடிந்தது. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் பருவத்தில் ஆட்டத்துக்கு 13 புள்ளிகளுக்கு மேல் எடுத்தவர் அவர். தனக்குப் பொருந்தாத இடத்துக்கு அனுப்பப்பட்ட வீரர் என்பதுதான் என் கணிப்பு.

புள்ளிக்கணக்கு:

கர்ரியின் கல்லூரி எண்களை எப்படி வாசித்திருக்க வேண்டும் என்று சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மூன்று புள்ளி எறிதல். 2007-08இல் 43.9 சதவீதம், 2008-09இல் 38.7 சதவீதம். மேலோட்டமாகப் பார்ப்பவர் சரிவு என்று குறித்துக்கொள்வார். ஆனால் அந்த இரண்டு பருவங்களுக்கும் நடுவில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. கல்லூரி மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலத்திலிருந்து 20 அடி 9 அங்குலத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. முந்தைய ஆண்டில் நாட்டிலேயே அதிக அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்க வழிவகுக்கும் பந்துக் கொடுப்பு) சராசரி வைத்திருந்த சக வீரர் ஜேசன் ரிச்சர்ட்ஸ் படிப்பை முடித்துச் சென்றுவிட்டதால், பந்தைக் கொண்டுவரும் வேலையும் கர்ரியிடம் வந்தது. அதனால் பிறர் கொடுத்த பந்தை எறிவது குறைந்து, தானே உருவாக்கிக்கொண்டு எறிவது கூடியது. இவை போதாதென்று ஒவ்வோர் எதிரணியும் இருவரை, சில நேரங்களில் மூவரைக்கூட அவர்மேல் அனுப்பியது. இத்தனைக்குப் பிறகும் 38.7 சதவீதம், அதுவும் ஓர் ஆட்டத்துக்குப் பத்துக்கு நெருக்கமான முயற்சிகளில்! அதே ஆண்டில் ஆட்டத்துக்கு 28.6 புள்ளிகள் எடுத்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். அசிஸ்ட் சராசரியும் ஐந்தைத் தாண்டியது.

அடுத்தது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிராளி செய்த தவறுக்காகத் தடுப்பவர் இல்லாமல் எறியக் கிடைக்கும் எறிதல். தேர்வாளர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும் என்று எப்போதும் வலியுறுத்துவேன். மூன்று புள்ளி சதவீதம் முயற்சிகளின் தரத்தையும் எதிரணியையும் பொறுத்து ஏறி இறங்கும்; ஒரு பருவத்தின் எண்ணிக்கையும் சிறியது. ஃப்ரீ த்ரோவில் தூரமும் சூழலும் மாறுவதில்லை. கையின் நயம் மட்டுமே வெளிப்படுகிறது. கர்ரி மூன்று பருவங்களிலும் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. என்பிஏ கோட்டின் 23 அடி 9 அங்குலத்துக்குத் தாக்குப்பிடிப்பாரா என்ற ஐயத்துக்கு அதுவே போதிய விடை.

எதிராளிகளின் தரம் குறித்து நண்பர் இடதுகை எழுப்பிய ஐயம் உண்மையானது. அதனால்தான் பெரிய அணிகளோடு ஆடிய ஆட்டங்களைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். கல்லூரி அணிகளின் தேசியப் போட்டியான 2008 என்சிஏஏ போட்டித்தொடரில் டேவிட்சன், கொன்சாகாவையும் ஜார்ஜ்டவுனையும் விஸ்கான்சினையும் வீழ்த்தி, அந்த ஆண்டின் சாம்பியனான கேன்சஸிடம் இரண்டே புள்ளிகளில், 59-57 என்று தோற்றது. ஜார்ஜ்டவுனும் விஸ்கான்சினும் தடுப்பாட்டத்துக்குப் பெயர்பெற்ற அணிகள்.

கடைசியாக, எண்களில் வராத ஓர் ஆட்டம். 2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா அணி, ஆட்டம் முழுவதும் இருவரைக் கர்ரியோடு ஒட்டவைத்தது. அவர் மூன்று முறை மட்டுமே எறிந்தார். ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. பெரும்பாலும் மூலையில் போய் நின்று, மீதமுள்ள நால்வரும் மூவரை எதிர்த்து ஆட வழிவிட்டார். டேவிட்சன் 78-48 என்று வென்றது. புள்ளிக் கணக்கைத் தாள்களில் மட்டும் படிப்பவருக்கு அது ஒரு பூஜ்யம். ஜெஃபர்சனுக்கும் லவ்வுக்கும் இடம் திறந்துவிட யாராவது வருவார்களா என்று தேடியிருக்க வேண்டிய அணிக்கு, அந்தப் பருவத்திலேயே மிகவும் பயனுள்ள ஆட்டம் அதுதான் என்பேன்.

இடதுகை:

லயோலா ஆட்டத்தை இந்தக் கோணத்தில் பார்த்தது என் கருத்தில் வலுவான வாதம். ஆனால் தேவையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது எப்போதுமே தவறு என்ற திசையில் இழை போய்விடக் கூடாது. அதே டிராஃப்டில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் செய்ததைப் பாருங்கள்.

அவர்களிடம் கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜெஃப் கிரீன் என்ற மூன்று இளையவர்கள் இருந்தார்கள். தடுப்பாட்டத்துக்குத் தாபோ செஃபலோஷாவைப் பிப்ரவரியில் வாங்கியிருந்தார்கள். வெஸ்ட்புரூக் ஓய்வெடுக்கும் நிமிடங்களில் ஆட்டத்தை நடத்தவும், அவர் இருக்கும்போது பந்து இல்லாமலேயே பயன்படவும் ஒருவர் வேண்டும். மூன்றாவது வாய்ப்பில் அரிசோனா ஸ்டேட்டின் ஜேம்ஸ் ஹார்டனை எடுத்தார்கள். பாக்-10 கான்ஃபரன்ஸின் அந்த ஆண்டின் சிறந்த வீரர். ஆட்டத்துக்கு 20 புள்ளிகள். எதிராளியைத் தவறு செய்யவைத்து ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் கலையில் கல்லூரியிலேயே தேர்ந்தவர்.

மார்ச்சில் நடந்த என்சிஏஏ போட்டித்தொடரில் ஹார்டன் இரண்டு ஆட்டங்களிலும் மிக மோசமாக எறிந்தார். இரண்டாவதில் ஃப்ளினின் சிரக்யூஸிடம் அணி தோற்று வெளியேறியது. மார்ச் மாத ஆட்டங்களுக்கு அளவுக்கு மீறிய எடை கொடுக்கும் அணியாக இருந்திருந்தால் அங்கேயே அவரைக் கீழே இறக்கியிருக்கும். தண்டர் இரண்டு ஆண்டு ஆட்டங்களை எடைபோட்டது. ஹார்டன் பெரும்பாலும் மாற்று வீரராகவே இறங்கி, 2012இல் சிறந்த ஆறாவது வீரர் விருதை வென்றார். அந்த ஆண்டே அணி இறுதிச் சுற்றை எட்டியது. தேவையைத் துல்லியமாக அறிந்த அணிக்கு அது வழிகாட்டும் என்பதற்கு இது போதும்.

மூன்றாம்வரிசை:

அப்படியானால் கற்றுக்கொடுக்கக்கூடிய குறை எது, முடியாத குறை எது என்று பிரிப்பது எப்படி? எல்லாக் குறைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது அல்லவா?

தடுப்பாட்டம்:

மிகச் சரியான கேள்வி. 2011இல் சான் டியேகோ ஸ்டேட்டின் காவாய் லெனர்ட் 15ஆவது இடம் வரை இறங்கியதற்கு அவருடைய எறிதல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. கடைசிப் பருவத்தில் மூன்று புள்ளியில் 29 சதவீதம். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், ஜார்ஜ் ஹில் என்ற நம்பகமான கார்டை இந்தியானாவுக்குக் கொடுத்து அவரைப் பெற்றது. எறிதலைத் திருத்துவதில் பெயர்பெற்ற சிப் எங்லண்ட் என்ற பயிற்சியாளர் அவர்களிடம் இருந்தார். லெனர்டின் ஃப்ரீ த்ரோ முக்கால் பங்குக்கு மேல் விழுந்துகொண்டிருந்தது. ஆக, திருத்தக்கூடிய குறை, திருத்தத் தெரிந்த ஆள், யாராலும் கற்றுக்கொடுக்க முடியாத நீண்ட கைகளும் ரீபவுண்டு வேட்கையும் என மூன்றும் ஒன்றாக வந்தன. இதே வீரர் எறிதலைத் திருத்தத் தெரியாத அணிக்குப் போயிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அணியின் தேவையைப் போலவே அணியின் கற்பிக்கும் ஆற்றலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

மருத்துவக் குறைகளுக்கு வேறு கணக்கு. மேலே சொன்ன பிளேருக்கு இரண்டு முழங்கால்களிலும் முன் குறுக்குத் தசைநார் இல்லை என்று தெரிந்ததால் 37ஆவது இடத்துக்குச் சரிந்தார். முதல் சுற்று வாய்ப்பில் எடுத்தால் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி; அணி விரும்பினால் மேலும் இரண்டு ஆண்டு. இரண்டாம் சுற்றில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆபத்து உள்ளவரை எங்கே எடுப்பது என்பதையும் ஒப்பந்த விதிகள் தீர்மானிக்கின்றன. ஸ்பர்ஸ் அங்கே அவரை எடுத்து, பல பருவங்கள் பயனடைந்தது.

புள்ளிக்கணக்கு:

வயதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் கல்லூரியில் ஆடியவருக்கு வளர இடமில்லை என்ற எண்ணத்தால், மிச்சிகன் ஸ்டேட்டின் டிரேமண்ட் கிரீன், பிக் டென் கான்ஃபரன்ஸின் சிறந்த வீரராக இருந்தும் 2012இல் 35ஆவது இடம் வரை காத்திருந்தார். எந்த இடத்தில் ஆடுவார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஐந்து இடங்களிலும் தடுப்பாடுவார் என்பதை மிகச் சிலரே மதித்தார்கள். இடத்தின் பெயரால் தேவையை எழுதும் பழக்கத்தின் விலை அங்கேயும் தெரிகிறது.

நெடுங்கோடு:

டிரேமண்ட் கிரீனின் பெயர் வந்ததால், அவரை எடுத்த வாரியர்ஸுக்குத் திரும்புகிறேன். 2009இல் அவர்களிடம் மான்டா எல்லிஸ் இருந்தார். அவரும் கர்ரியின் உயரம்தான், அவரும் புள்ளி சேர்க்கும் கார்டு. கட்டங்களை நிரப்பும் முறையில் பார்த்தால் கர்ரியை எடுக்கவே கூடாத அணி அதுதான். ஆனால் பயிற்சியாளர் டான் நெல்சனின் விரைவாட்டம் எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓடிக்கொண்டே எங்கிருந்தும் எறியத் தெரிந்தவருக்கு அங்கே வேலை இருந்தது. இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்று எல்லிஸே வெளிப்படையாகச் சொன்னார். தடுப்பாட்டத்தில் அந்த இணை திணறவும் செய்தது. 2011இல் 11ஆவது வாய்ப்பில் வாஷிங்டன் ஸ்டேட்டின் கிளே தாம்ப்சன் வந்தார். 2012 மார்ச்சில் எல்லிஸை மில்வாக்கிக்கு அனுப்பி, ஆண்ட்ரூ போகட் என்ற சென்டரைப் பெற்றார்கள். அவர்களுடைய காலிக் கட்டமான சென்டர் இடம் டிராஃப்டுக்கு வெளியே, வீரர் பரிமாற்றத்தால் நிரம்பியது. அத்தகைய சென்டர்களைப் பரிமாற்றத்தில் பெற வழி உண்டு. கர்ரியின் எறிதலை அப்படிப் பெற வழியில்லை.

இடதுகை:

அதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் பதிவு செய்கிறேன். கர்ரியின் முதல் மூன்று பருவங்களில் வாரியர்ஸ் முறையே 26, 36, 23 ஆட்டங்களையே வென்றது. நெல்சன் 2010இல் விலகினார், அணியின் உரிமையாளர்களும் அதே ஆண்டில் மாறினார்கள், கர்ரியின் கணுக்கால் 2011-12 பருவத்தின் பெரும்பகுதியைப் பறித்தது. அந்த மூன்று ஆண்டுகளில் எந்த மாதத்திலும் எல்லிஸை வைத்துக்கொண்டு கர்ரியை விற்றுவிடுங்கள் என்று சொன்னவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. மினசோட்டா அவரை எடுத்திருந்தால், 15 வெற்றிகளோடு முடிந்த அந்தப் பருவத்துக்குப் பிறகு, தாங்கள் எடுத்த வீரருக்கு ஏற்ப ஆட்டமுறையை மாற்றியிருப்பார்களா, முக்கோணத்துக்கு ஏற்ப வீரரை மாற்றியிருப்பார்களா என்பதுதான் நான் இன்னும் விடை காணாத கேள்வி. ராம்பிஸின் இரண்டு பருவங்களையும் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், லவ்வை அந்த முறையில் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதிலிருந்து தொடங்கி எழுதுங்கள்.